மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாகத் திறக்க வேண்டிய சாஃப்ட்வேர் ஒன்று தலைகாட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. மதுரையானாலும் மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும், சர்வீஸுக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழுவது "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பதுதான். இது வைத்தியமே அல்ல. நோய் எதுவென்று பார்க்கும் வேலையைத் தட்டிக்கழிப்பது. ஃபார்மட் அடித்தால் கோளாறின் தடயமும் சேர்ந்து அழிகிறது. அதே சாஃப்ட்வேர்களை அதே வரிசையில் திரும்ப ஏற்றினால் அதே கோளாறு திரும்பிவரக் கூடும். சி டிரைவிலேயே கிடந்த டாலி கணக்கும் டெஸ்க்டாப்பில் போட்டுவைத்த போட்டோக்களும்தான் திரும்பி வராது.

ஃபார்மட் இல்லாமலே பெரிய கோளாறும் தீரும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9.39-க்கு ஒரு சின்ன அப்டேட் அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. பல கணினிகள் எழுந்த வேகத்தில் மறுபடி மறுபடி விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் அற்பமானது: 20 மதிப்புகள் மட்டுமே கைக்கு வந்திருக்க, மென்பொருள் 21-வதைத் தேடிப் போனது. மருந்தும் அற்பம்தான். சேஃப் மோடில் திறந்து, 291 என்ற எண் தாங்கிய ஒரே ஒரு ஃபைலை அழிக்க வேண்டும், அவ்வளவே. வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எங்கோ எழுதி வைத்துத் தொலைத்தவர்கள்தான் கூடுதலாகத் திண்டாடினார்கள்.

அது விண்டோஸின் அடிமடியிலேயே நடந்த கோளாறு, கடைக் கம்ப்யூட்டருக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். கூடுதலாகவே பொருந்தும். இங்கே விண்டோஸ் திறந்துவிடுகிறது. விழுவது ஒரு புரோகிராம் மட்டும். ஐந்து நிமிடம் கழித்து அதைக் கையால் திறந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அப்போது ஒழுங்காக ஓடினால், புரோகிராமில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. அதற்குத் தேவையான நெட்வொர்க்கோ டேட்டாபேஸோ எழுவதற்குள் அது முந்திக்கொள்கிறது. கைரேகைக் கருவி மாட்டிய சேவை மையக் கணினிகளில் இந்த முந்தல் பிந்தலைச் சந்தேகிப்பது நல்லது. அப்போதும் விழுந்தால், ஈவன்ட் வியூவரில் 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரியைப் பார்க்கலாம். எந்த ஃபைலில் ஓடும்போது விழுந்தது என்று பெரும்பாலும் பெயரோடு இருக்கும். அதிலும் பிடிபடாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலை முழுக்க அணைத்துவிட்டு, பாதி பாதியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தால் குற்றவாளி சிக்கக்கூடும்.

வாசலில் ஆள் நிற்கும்போது இதற்கெல்லாம் ஏது நேரம் என்பார்கள். ஃபார்மட்டுக்குப் பிறகு பிரின்டர் டிரைவர், தமிழ் எழுத்துரு, கைரேகைக் கருவி, டாலி என்று ஒவ்வொன்றாக ஏற்றுவதில் போகும் அரை நாளை ஏனோ யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வைரஸ் புரையோடிப்போன கணினிக்கு ஃபார்மட் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். பழியை மெக்கானிக் தலையில் மட்டும் போடுவதும் நியாயமில்லை. ஃபார்மட்டுக்குக் காசு கொடுக்கும் நாம், ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்து ஸ்டார்ட்டப் பட்டியலில் ஒன்றை அணைத்துவிட்டால், "இதுக்கா காசு?" என்று கேட்கிறோம். அடுத்த முறை கணினியைக் கொடுக்கும்போது, எந்த ஃபைல், எந்தப் புரோகிராம் என்று பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள்.