நிலையாமையைச் சுட்டும் ஓர் ஆங்கிலச் சொல்

சீன மாணவர் ஒருவர் இங்கிலாந்தில் பயிலச் சென்றிருக்கிறார் எனக் கொள்வோம். தேர்வு நெருங்குகிறது. உடன் தங்கியிருக்கும் தோழர் சில நாள்களாகச் சிடுசிடுப்பும் வாட்டமுமாய் இருக்கிறார். அவருக்கு உதவ எண்ணிய நம் மாணவர், ‘இவர் அன்ஸ்டேபிளாக இருக்கிறார்’ என்று விடுதிப் பொறுப்பாளரிடம் ஆங்கிலத்தில் கூறுகிறார். ‘மனம் சற்றுக் கலங்கியிருக்கிறார்’ என்பதே சொன்னவர் கருதிய பொருள். கேட்டவரோ, ‘மனநிலை பிறழ்ந்தவர், எந்நேரமும் எதையும் செய்யக்கூடியவர்’ என்று கொள்கிறார். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அகராதியும் அச்சொல்லைத்தான் தந்தது. ஆயினும் ஒரு மனிதர்மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இஃது எங்ஙனம் நேர்ந்தது? சீனத்தில் ‘பு வென்டிங்’ என்பது எல்லார் வாயிலும் வழங்கும் எளிய தொடர். ‘பு’ எதிர்மறை, ‘வென்டிங்’ என்பது ஆட்டமின்றி நிலைத்திருத்தல். ‘வென்’ என்னும் எழுத்தின் இடப்புறம் தானியப் பயிரைக் குறிக்கும் உறுப்பும், ‘டிங்’ என்பதன் மேலே கூரையைக் குறிக்கும் உறுப்பும் உள்ளன. கதிரும் கூரையும் வாய்த்த வாழ்வே நிலையானது என எண்ணி மகிழத் தோன்றுகிறது. அது நம் கற்பனையேயன்றிச் சொற்பிறப்பு ஆகாது.

இத்தொடர் இணைய இணைப்புக்கும் வரும், விலைவாசிக்கும் வரும், நாட்டின் அரசியலுக்கும், தேர்வுக்கால மனத்துக்கும் வரும். மனத்தைப் பற்றி வருகையில் மனவுணர்வு எனப் பொருள்படும் ‘சிங்ஷு’ என்னும் சொல் முன்னே நின்று அதன் எல்லையை வரையறுத்துவிடுகிறது. கலங்கியிருப்பது உணர்வு, ஆள் அல்லர். ஆங்கிலத்தில் பேசும்போது அம்முன்சொல் நழுவி, அடைமொழி நேரே ஆளின்மீது ஏறிவிடுகிறது. கேடு விளையும் இடம் இதுவே.

ஆங்கிலமோ இப்பொருளைப் பல சொற்களுக்குப் பகிர்ந்தளித்திருக்கிறது. கால் ஆடும் மேசை ‘வாப்ளி’. தள்ளாடும் நடை ‘அன்ஸ்டெடி’. ஏறி இறங்கும் பங்குவிலை ‘வாலட்டைல்’. பறத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையில் பிறந்த இச்சொல், ஆவியாகும் நீர்மத்துக்கும் முன்கோபிக்கும் பொதுவாக நிற்கிறது. சீனமோ நீர்மத்துக்கு ஒரு சொல், விலைக்கு ஒரு சொல், குணத்துக்கு ஒரு தொடர் என வேறுவேறாகக் கூறும். ‘ப்ரிகேரியஸ்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கு ‘இரந்து பெற்றது’ என்பது பொருள். பிறர் தயவில் நிற்கும் வேலையை அச்சொல்லால் சுட்டுவது எத்துணைப் பொருத்தம்!

வடிவச் சிக்கலும் உண்டு. பெயரடைக்கு ‘அன்’ என்னும் முன்னொட்டு. அதன் பெயர்ச்சொல்லுக்கோ ‘இன்’. சீனத்தின் ‘பு’ இரண்டிடத்தும் மாறாது நிற்பதால் மாணவர் மயங்குவது இயல்பு. ‘நிலைமை நிலையற்றது’ என நாம் இணைப்புவினை இன்றிக் கூறுவதுபோலவே அவர்களும் கூறுவர். ஆதலின் ‘இஸ்’ விடுபடுகிறது. இவை சிறு பிழைகள், யாரையும் புண்படுத்தா.

மாணவரைக் குறைகூறுவது தகாது. சீன நாட்டுக் கல்லூரி நுழைவுத் தேர்வில் 750 மதிப்பெண்ணுள் 150 அயல்மொழிக்கு உரியது. பெரும்பாலோர்க்கு அஃது ஆங்கிலமே. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எனப் பட்டியல்களை மனப்பாடம் செய்தே அவர்கள் வருகின்றனர். பட்டியலில் இச்சொல் தனியே நிற்பதுதான் குறை. ‘விலை’, ‘இணைப்பு’, ‘அரசு’ எனத் தான் தழுவும் பெயரோடு அது கற்பிக்கப்படல் வேண்டும். ஆளைக் குறிக்கும் இடத்தில் ஆசிரியர் தனியே நின்று எச்சரிக்கவும் வேண்டும். சூழலைக் கொண்டு கேட்போர் உணர்ந்துகொள்வர் என்பாரும் உளர். மேசையைப் பற்றிய பேச்சில் உணர்ந்துகொள்வர். அலுவலகக் கோப்பில் ஏறிய சொல்லுக்கு விளக்கம் கூற, சொன்னவர் அருகில் இருப்பதில்லை.

நம் மாணவர் ‘அப்செட்’ என்னும் எளிய சொல்லை ஆண்டிருந்தால், அந்தப் பொறுப்பாளர் ஒரு கோப்பைத் தேநீரோடு தோழரின் அறைக்கதவைத் தட்டியிருப்பார்.