சரித்திரப் படிப்பு யாருக்கு?

கலாசாலைகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் காலம் வந்துவிட்டால், நமது காரியாலயத்திற்கு யோசனை கேட்க வருகிறவர்களின் தொகை வருஷந்தோறும் அதிகப்பட்டுக்கொண்டே வருகிறது. இவ்வருஷம் வந்தவர்களில் ஒருவர் கிராமத்துக் குடியானவத் தோழர். அவருடைய மகள் 12ஆவது வகுப்புத் தேறி, பக்கத்து நகரத்து சர்க்கார் கலாசாலையில் பி.ஏ. சரித்திரம் எடுத்துப் படிப்பேன் என்கிறாளாம். பந்துக்கள் எல்லோரும், "செத்துப்போன ராஜாக்களின் கதையைப் படித்து இவள் என்ன செய்யப் போகிறாள்? நர்சுப் படிப்பில் சேர், இல்லாவிட்டால் கலியாணத்தைச் செய்" என்கிறார்களாம். அவர் நம்மைக் கேட்டது ஒரே கேள்விதான். "ஐயா, இந்தப் படிப்பினால் எங்களுக்கு ஏதாவது உண்டா?" என்றார்.

இது நியாயமான கேள்வியேயாகும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர் அதன் பிரயோஜனத்தைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆகையால் அத்தோழருக்கு நேரில் சொன்னதையே, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் உபயோகப்படும் என்று கருதி இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம்.

முதலாவது பிழைப்பு விஷயம். இதில் ஒளிவு மறைவு வேண்டியதில்லை. பி.ஏ. சரித்திரம் என்ற மூன்று வருஷப் படிப்பு முடிந்தவுடன் யாரும் உத்தியோக உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்கப் போவதில்லை. பள்ளிக்கூட உபாத்தியாயராக வேண்டுமானால் அதற்குமேல் பி.எட். படித்துத் தகுதிப் பரீட்சையும் தேறவேண்டும். வக்கீலாக வேண்டுமானால் மேலும் மூன்று வருஷம் சட்டம் படிக்கவேண்டும். கல்வெட்டு, அகழாய்வு முதலிய துறைகளில் நுழையவேண்டுமானால் எம்.ஏ.வும் தனிப் பயிற்சியும் வேண்டும். சர்வீஸ் கமிஷன் பரீட்சைகளில் சரித்திரக் கேள்விகள் வருவதால், அவ்வகையில் ஓரளவு அனுகூலம் உண்டு. இவ்வளவுதான் வாஸ்தவம். இதற்குமேல் ஆசை காட்டுகிறவர் யாராயிருந்தாலும் நம்பவேண்டாம். ஆனால் இன்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சம்பந்தமில்லாத வேலைகளுக்கு அலைந்து திரிகிற பிள்ளைகள் இன்று எத்தனை பேர் என்பதையும் பந்துக்கள் ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும்.

நிற்க, சரித்திரத்தைப் பற்றி நம்மவர்களுக்குள்ள அபிப்பிராயமே தப்பானது. வேறு எதிலும் இடம் கிடைக்காதவன் எடுக்கும் பாடம் என்றும், ராஜாவின் பெயர், அவன் அப்பன் பெயர், சண்டை நடந்த வருஷம் ஆகியவற்றை மனப்பாடம் செய்வதே அதன் வேலை என்றும் எண்ணுகிறார்கள். இப்படி எண்ணும்படி செய்தவர்கள் அப்பாடத்தைச் சொல்லிக் கொடுப்பவர்களில் ஒரு பகுதியினரேயாவார்கள். பரீட்சைக்கு முந்தின மாதம் கடைக்கு வரும் கையடக்க நோட்ஸ் புஸ்தகமே மூன்று வருஷப் படிப்பு என்று முடிந்துபோனால், பந்துக்கள் சொல்லுவதில் என்ன பிசகு இருக்கிறது? ஆனால் சரித்திரம் என்பது அதுவல்ல. ஒரு சங்கதியை ஒருவர் சொன்னால், சொன்னது யார், எந்தக் காலத்தில் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும், அப்படிச் சொல்லுவதில் அவருக்கு என்ன லாபம், அவர் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டு, ஆதாரத்தைக் கொண்டு அளந்து பார்க்கும் வித்தைக்குத்தான் சரித்திரம் என்று பெயர்.

இதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறோம். காஞ்சிபுரம் ஜில்லாவில் உத்திரமேரூர் என்ற ஊரில் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919ஆம் வருஷத்தது, மற்றொன்று 921ஆம் வருஷத்தது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர்க்காரியம் பார்ப்பவர்களைத் தெரிந்தெடுத்த முறை அவற்றில் சொல்லப்பட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னமேயே நாம் குடியாட்சி நடத்தினவர்கள் என்று மேடைகளில் மார்தட்டுவதும், பாடப்புஸ்தகங்கள் பெருமையோடு எழுதுவதும் இதை வைத்துத்தான்.

ஆனால் அக்கல்வெட்டைக் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரைக்கும் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு யோக்கியதை என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது. 921ஆம் வருஷத்து விதிப்படி, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்கவேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்கவேண்டும். வேதம் ஓதியவனாக இருக்கவேண்டும். ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யமும் எடுத்துச் சொல்ல வல்லவனாயிருந்தால், அரைக்கால் வேலி நிலமே போதுமாம். அவ்வூரின் முழுப் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். ஆகவே அந்தக் குடத்துக்குள் அவ்வூர் உழவன் பெயரோ, கூலியாள் பெயரோ, குயவன் பெயரோ விழுந்திருக்க முடியாது. குடத்தைச் செய்து கொடுத்தவன் பெயருக்கே அக்குடத்தில் இடமில்லை!

அப்படியானால் அக்கல்வெட்டு ஒன்றுக்கும் உதவாதது என்கிறோமா? ஒருக்காலும் அப்படிச் சொல்லவில்லை. முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய பந்துக்களும் மறுபடியும் பதவிக்கு வரக்கூடாது என்று அதே கல்வெட்டு சொல்லுகிறது. இன்றைக்கும் அது எவ்வளவு வேண்டிய விதி! நல்லதையும் கெட்டதையும் ஒரே கல்லில் ஒருங்கே படித்து, இரண்டையும் உள்ளபடியே சொல்லுவதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கொடுப்பதற்குத்தான் சரித்திரப் படிப்பு.

தஞ்சைப் பெரிய கோவிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1010ஆம் வருஷத்தில் ராஜராஜன் கட்டி முடித்த அக்கோவிலின் உயரத்தைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் அதன் சுவர்களில், பற்பல ஊர்க் கோவில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் வந்த ஊர், குடியிருந்த வீட்டின் வரிசை ஆகியவை வெட்டப்பட்டிருப்பதையும், ஒவ்வொருத்திக்கும் வருஷத்துக்கு 100 கலம் நெல் என்று பங்கு குறித்திருப்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்? வரி நீக்கப்பட்ட நிலங்களின் கணக்கில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றனவே, அதை எத்தனை பேர் எடுத்துச் சொல்லுகிறார்கள்? தீண்டாமை நேற்று வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சாதிக்கிறவர்களுக்கு அந்தச் சுவரே பதில் சொல்லும். அதேசமயத்தில், ஒரு பெயர் இருக்கிறது என்பதினாலேயே இக்காலத்து வழக்கமெல்லாம் அக்காலத்திலும் அப்படியே இருந்தது என்று நாம் துணிந்துவிடவும் கூடாது. கல் எவ்வளவு சொல்லுகிறதோ அவ்வளவே நாமும் சொல்லவேண்டும். மற்றதற்கு வேறு ஆதாரம் தேடவேண்டும்.

இந்தச் சுவர்களைப் படிக்க யார் வந்தார்கள் என்பதையும் கவனிக்கவேண்டும். ஜப்பான் தேசத்தில் பிறந்த நொபோரு கராஷிமா என்ற அறிஞர் தமிழ் கற்றுக்கொண்டு இங்கு வந்து, 2015இல் காலமாகும் வரையில் நமது கல்வெட்டுகளிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டார். திருச்சியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் சோழர் காலத்துக் கல்வெட்டுகளை ஒத்துப் பார்த்து, பிரமதேயமாகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனி ஆட்களின் சொத்தாகவும், பிராமணரல்லாதார் ஊராகிய அல்லூரில் ஊர்ப் பொதுவாகவும் இருந்தது என்று எடுத்துக் காட்டினார். அவர் கடல் தாண்டி வந்து படித்த எழுத்துகளின் அடியில் நிழலுக்கு உட்கார்ந்து ஆடுபுலி ஆட்டம் ஆடுகிற நமக்கு அதில் ஒரு வரியாவது படிக்கத் தெரியுமா? நம் பாட்டன் உழுத நிலத்தின் கணக்கை நாம் படிக்காவிட்டால், படித்தவர் சொன்னதே கணக்கு.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சரி, சரித்திரம் படித்தால் பிறருடைய புரட்டுகளை வெளியாக்கலாம்" என்று நம் தோழர்களில் சிலர் சந்தோஷப்படலாம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. புராணத்தை நம்பாதே என்று சொல்லுகிற நாமே, கடலுக்குள் முழுகிப்போன கண்டத்தில் நாம் லக்ஷம் வருஷம் ஆண்டோம் என்று யாராவது சொன்னால் கைதட்டுகிறோம். ஆதாரம் எங்கே என்று கேட்பதில்லை. புராணம் தமிழில் சொல்லப்பட்டால் மட்டும் சரித்திரமாகிவிடுமா?

பெருமை வேண்டுமானால் கீழடியைப் பாருங்கள். 2014-15இல் மத்திய தொல்லியல் துறை அங்கு தோண்டத் தொடங்கியது; பிறகு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்து தோண்டியது. செங்கல் கட்டடங்களும், உறைகிணறுகளும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டுகளைச் சோதனைக்கு அனுப்பியதில், ஒன்று கி.மு. 580ஐ ஒட்டியது என்று 2019இல் வந்த அறிக்கை சொல்லிற்று. லக்ஷம் வருஷக் கதையைவிட இந்த ஒரு கரித்துண்டு பலமானது. ஏனெனில் அதை எதிரியும் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். அங்கு முதலில் தோண்டியவர் 2023இல் கொடுத்த அறிக்கையை, 2025இல் மத்திய இலாகா திருத்தித் தரும்படி கேட்டபோது நாடெங்கும் பெரிய கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலில் மண்ணடுக்கு என்றால் என்ன, கரியைக் கொண்டு காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்து பேசினவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் இரண்டு பக்கத்திலும் கட்சி பார்த்தே பேசினார்கள். இப்படிப்பட்ட சமயத்தில் நமக்கு வேண்டியது தொண்டை பலமல்ல; விஷயம் தெரிந்த நாலு பிள்ளைகள்.

ஆகவே சரித்திரம் எடுத்துப் படிக்கப் போகும் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். நோட்ஸ் புஸ்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்குள் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள ஒரு கல்வெட்டையாவது, உபாத்தியாயரின் உதவியோடு எழுத்து எழுத்தாகப் படித்து முடியுங்கள். சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தை ஒருதரம் போய்ப் பாருங்கள். ஊரில் வயது முதிர்ந்தவர்களிடம் கூலி, பஞ்சம், நிலம் கைமாறிய விதம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். வகுப்பில் ஒரு சங்கதி சொல்லப்பட்டால், "இதற்கு ஆதாரம் என்ன?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல உபாத்தியாயர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். இங்கிலீஷ் வராது என்று பயப்படாமல், தமிழில் படித்துக்கொண்டே தினம் ஒரு பக்கமாவது இங்கிலீஷும் படித்துப் பழகுங்கள். நல்ல ஆராய்ச்சிகளில் பெரும்பாகம் இன்னும் அதில்தான் இருக்கிறது. நமது பத்திரிகை எழுதுவதையும் அப்படியே நம்பிவிடாமல், அதே தராசில் வைத்து நிறுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் எழுதுங்கள், வெளியிடுகிறோம்.

அத்தோழர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எங்கள் ஊர்க் கோவில் சுவரிலும் ஏதோ எழுத்து இருக்கிறது. அதில் எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருக்குமா ஐயா?" என்று கேட்டார். எழுதியிருக்கலாம், எழுதாமலும் இருக்கலாம். படித்தால்தான் தெரியும் என்று சொன்னோம். "அப்படியானால் அவளே படித்துச் சொல்லட்டும்" என்று சொல்லி, மனுப் பாரம் பூர்த்தி செய்ய எழுந்து போனார். பந்துக்களுக்கு அவர் சொல்லப்போகும் பதிலும் அதுவாகவே இருக்கும் என்று நம்புகிறோம். அவரைப் போல யோசனையிலிருக்கும் மற்றப் பெற்றோர்களும், பிள்ளைக்கு அப்படிப்பில் மனமிருந்தால் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.