ஜிடிஓ மொத்தம் எத்தனை? - இத்தாலியக் கார் புத்தகங்கள் மேல ஒரு கடுப்பு

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள உறுத்திட்டு இருக்கிற விஷயம். இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்தாச்சு. கார் பிடிக்காதவங்களும் படிக்கலாம். விஷயம் காரைத் தாண்டியும் போகுது.

பழைய இத்தாலியக் கார்கள் மேல எனக்கு ஒரு கிறுக்கு உண்டுன்னு இங்கே வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும். கார் வாங்க வக்கில்லை, அதனால புத்தகம் வாங்குறேன். போன மாசம் ஒண்ணு வாங்கினேன். மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய். தலையணை சைஸ், வழவழன்னு தாள், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு ஃபெராரி. முதல் நாள் ராத்திரி சின்னப் பையன் மாதிரி படம் பார்த்தேன். ரெண்டாம் நாள் படிக்க ஆரம்பிச்சேன். மூணாம் நாள் கடுப்பாகி மூடி வெச்சுட்டேன்.

ஏன்னு சொல்றேன். 1962-ல் வந்த ஃபெராரி 250 ஜிடிஓ. அப்போதைய விதிப்படி ஜிடி பிரிவில் ஓட்டணும்னா 100 கார் கட்டியிருக்கணும். ஃபெராரி கட்டியது அதில் பாதிகூட இல்லை. அதனால என்ஸோ ஃபெராரி சேஸிஸ் நம்பர்களை வேணும்னே தாண்டித் தாண்டிப் போட்டு, 100 கார் இருக்கிற மாதிரி அதிகாரிகள் கண்ணுல மண்ணைத் தூவினார் என்று ஒரு கதை. என் மூவாயிரம் ரூபாய் புத்தகத்துலயும் அதே கதை. கேக்க ஜோரா இருக்கு இல்ல?

கொஞ்சம் யோசிங்க சாமிகளா. அந்தக் காலத்து ஃபெராரியில் ரோட்டுக் கார்களுக்கு ஒற்றைப்படை எண், பந்தயத்துக்கென்றே கட்டிய கார்களுக்கு இரட்டைப்படை எண். ஜிடிஓ-வுக்குக் கிடைத்தது ஒற்றைப்படை வரிசை. லுஸ்ஸோ மாதிரி மற்ற 250 ஜிடி கார்களும் அதே வரிசையில்தான் வருகின்றன. ஒரே டேபிள்ல எல்லா கஸ்டமருக்கும் ஆட்டோ நம்பர் போட்டுட்டு, ஒருத்தரோட ஆர்டரை மட்டும் எடுத்துப் பார்த்தா நடுவுல நம்பர் விட்டுப் போகாதா? இதுல என்ன சதி இருக்கு?

உண்மையில் நடந்தது இதைவிட சுவாரசியம். ஜிடிஓ புதுக் கார் என்றே ஃபெராரி சொல்லலை. ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்த 250 ஜிடி பெர்லினெட்டாவின் மேம்பட்ட வடிவம்னு காட்டி அனுமதி வாங்கிட்டாங்க. புது ப்ராடக்டை 'பேட்ச்'னு சொல்லி ரிலீஸ் பண்ற நம்ம ஆபீஸ் வேலைதான் :-) அதே வித்தையை 250 எல்எம்-முக்கும் காட்டினப்போ பலிக்கலை. எஞ்சினை டிரைவருக்குப் பின்னாடி கொண்டுபோய் வெச்சுட்டு 'அதே கார்தான்'னா யாரு ஒத்துக்குவா? என்ஸோ கோபத்துல 1964-ல் இத்தாலியப் பந்தய உரிமத்தையே திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷக் கடைசி ரெண்டு கிராண்ட் ப்ரீயில் ஃபெராரிகள் சிவப்பை விட்டுட்டு நீலமும் வெள்ளையுமா ஓடின. அப்படி ஓடித்தான் ஜான் சர்டீஸ் உலக சாம்பியன் ஆனார். இவ்வளவு நல்ல கதை கையில இருக்க, எதுக்கு அந்தப் பொய்க்கதை?

சரி, மொத்தம் எத்தனை ஜிடிஓ? ஒரு புத்தகம் 36 என்கும். இன்னொண்ணு 39 என்கும். ரெண்டும் சரிதான். 3 லிட்டர் கார்களை மட்டும் எண்ணினா 36. 4 லிட்டர் எஞ்சின் போட்ட மூணையும் சேர்த்தா 39. ஒரே ஒரு வரியில சொல்லிடலாம். என் புத்தகம் ஒரு பக்கத்துல 36, நாற்பது பக்கம் தள்ளி 39 போட்டுட்டு, தம்பி நீயே பாத்துக்கோன்னு போயிடுச்சு.

'இதெல்லாம் ஒரு பிரச்சினையா?'ன்னு கேப்பீங்க. 2018-ல் ஒரு ஜிடிஓ ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. 2023-ல் இன்னொண்ணு 5.17 கோடி டாலர். ரெண்டாவது கார் 4 லிட்டர் எஞ்சினோடு பிறந்தது. ஏலத்தில் '330 எல்எம் / 250 ஜிடிஓ' என்று இரட்டைப் பெயரில் வந்தது. எதை ஜிடிஓ-ன்னு எண்ணுறோம் என்பதில் எவ்வளவு பணம் இருக்குன்னு பாருங்க. எழுதுறவங்க சோம்பேறியா இருந்தா, வரலாற்றைக் காசு இருக்கிறவங்க எழுதிக்குவாங்க.

பணத்தைக்கூட விடுங்க. எனக்கு நிஜமாவே வலிக்கிறது பெயர் விஷயத்தில்தான்.

ஜிடிஓ-வை உருவாக்கின வேலையை முன்னின்று செய்தவர் ஜோத்தோ பிட்ஸாரினி. 1961 கடைசியில் கார்லோ கீத்தி உட்படப் பல பெரிய தலைகளோடு அவரும் ஃபெராரியை விட்டு வெளியே வந்துட்டார். மிச்ச வேலை மௌரோ ஃபோர்கியேரி தலையில விழுந்துச்சு. அப்போ அவருக்கு வயசு 26. பிட்ஸாரினிதான் பிறகு லம்போர்கினியின் முதல் வி12 எஞ்சினையும் வரைஞ்சவர். 1966-ல் வந்த மியூராவை எடுத்துக்குங்க. தல்லாரா, ஸ்தன்ஸானி, பாப் வாலஸ், வடிவம் தந்த கந்தினி, நாலு பேரும் வேலையைத் தொடங்கினப்போ முப்பதைத் தொடலை. என் புத்தகத்தின் பின்பக்க அகராதியில் என்ஸோ ஃபெராரிக்கு மட்டும் ரெண்டு பத்தி பக்க எண்கள். பிட்ஸாரினிக்கு ஒரே ஒரு பக்கம். ஸ்தன்ஸானி பேரே இல்லை.

ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து நாம எழுதின கோடு, மறுநாள் மீட்டிங்ல வேற ஒருத்தர் பேர்ல ஓடுறதைப் பார்த்தவங்களுக்கு இந்த வலி புரியும். ஆல்ஃபா 33 ஸ்ட்ரடாலேயின் உடலை வரைந்த ஃபிராங்கோ ஸ்காலியோனே 1993-ல் செத்தப்போ அவரைத் தெரிஞ்சவங்க ரொம்பக் கொஞ்சம். முதலாளி பேரை மட்டும் அச்சடிக்கிற புத்தகம் விளம்பரக் கையேடு. அதுக்கு மூவாயிரம் எதுக்குய்யா?

இதை ஆபீஸ்ல புலம்பினா பக்கத்து சீட்டு நண்பர் சொல்றார்: 'எல்லாம் நெட்லயே இருக்கே பாஸ், புக் எதுக்கு?' அய்யா, நெட்ல இருக்கிறதுல பாதி இந்தப் பளபளா புத்தகங்கள்ல இருந்து எடுத்தது. அடுத்த பளபளா புத்தகம் நெட்ல இருந்து எடுக்கும். ஒரே பொய் ரெண்டு வாய் வழியா வந்தா ரெண்டு சாட்சின்னு ஆயிடுமா?

நல்ல புத்தகமே இல்லையான்னா, இருக்கு. ஆல்ஃபா ரோமியோவுக்கு லூயிஜி ஃபூஸி எழுதினது, 1910-லிருந்து எல்லா வண்டியும். மனுஷர் 1920-லயே அந்தக் கம்பெனியில் சேர்ந்து வரைபடப் பலகையில் வேலை பார்த்தவர். யானோ வடிவமைச்ச 8சி 2300-க்கு சைமன் மூர் மூணு பெரிய தொகுதி போட்டிருக்கார். ஒவ்வொரு சேஸிஸும் யார்கிட்ட இருந்து யார்கிட்ட போச்சுன்னு துரத்தித் துரத்தி எழுதியிருக்கார். 250 ஜிடி பந்தயக் கார்களுக்கு ஜெஸ் பூரே 1977-ல் எழுதினது. பழசுதான், ஆனா பின்னாடி வந்தவங்க நின்ன தரை அது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தாந்தே ஜாகோசாவோட புத்தகம். ஃபியட்டில் நாற்பது வருஷம் வண்டி வரைஞ்ச கதையை அவரே 1979-ல் சொன்னது. தொப்போலீனோ 1936-ல் வந்தப்போ அவருக்கு வயசு 31. எஞ்சினைக் குறுக்கே வெச்சு, அதோட ஒரு முனையில் கியர் பாக்ஸை மாட்டி, முன் சக்கரத்தை ஓட்டுற அமைப்பை 1964-ல் ஆட்டோபியான்கி பேர்ல சோதிச்சுப் பார்த்துட்டு, 1969-ல் ஃபியட் 128-ல் கொண்டு வந்தார். இன்னிக்கு உங்க தெருவுல நிக்கிற சின்னக் கார்கள்ல பெரும்பாலானவை அந்த அமைப்புதான். பம்பாயில் பிரீமியர் கம்பெனி கட்டின பத்மினியும் அவரோட 1100 வம்சம்தான். நம்ம ஊர் மெக்கானிக் 'ஃபியட்டு'ன்னு செல்லமா கூப்பிட்ட வண்டிக்கு ஒரு அப்பன் இருந்தார், அவருக்கு ஒரு பேர் இருந்துச்சு. எத்தனை பேருக்குத் தெரியும்? அழகான சிவப்பு வண்டி இல்லைங்கிறதால பளபளா புத்தகத்தில் அவருக்கு இடமில்லை.

விலை? நல்ல புத்தகத்தோட விலையைக் கேட்டா தலை சுத்தும், ஒத்துக்கிறேன். ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதுவரைக்கும் நான் வாங்கின பளபளா குப்பைகளோட காசுக்கு ரெண்டு நல்ல புத்தகம் வாங்கியிருக்கலாம். நாம வாங்குறதைத்தான் பதிப்பகக்காரன் அச்சடிப்பான். அவனை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இனிமே கடையில மூணு விஷயம் பார்த்துட்டுத்தான் காசு எடுக்கப் போறேன். அகராதியில் பிட்ஸாரினி மாதிரி வேலைக்காரங்க பேர் இருக்கா? எண்ணிக்கை சொல்ற இடத்துல எதை எண்ணினாங்கன்னு சொல்லியிருக்கா? எங்கேயாவது ஒரு இடத்துலயாவது 'இது எங்களுக்குத் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கா? மூணாவதுதான் முக்கியம். எல்லாம் தெரிஞ்ச புத்தகத்தை எனக்கு நம்பத் தோணலை.

டிஸ்கி: அந்த மூவாயிரம் ரூபாய் புத்தகம் இப்போ என் மானிட்டருக்கு அடியில இருக்கு. உயரம் கச்சிதம். கழுத்து வலி போச்சு :-)