நூலோரை வினாவுதல்

நூல் கற்றல் என்பது எழுத்துகளைக் கண்ணால் கடந்து செல்லுதல் அன்று; அந்நூலை ஆக்கியோனோடு உரையாடுதலே ஆகும். உரையாடலுக்கு இருவர் வேண்டும். நூலாசிரியர் தாம் கூறக் கருதியதைக் கூறி முடித்துவிட்டார். இனிப் பேசவேண்டியவன் கற்போனே. அவன் வாய் திறவாதிருப்பின் ஆங்கு மனப்பாடம் நிகழலாம், கல்வி நிகழாது. ஆதலின், ஒரு மாணாக்கன் எத்துணை நூல்களைப் படித்தான் என்பதினும், படித்த நூல்களை என்ன கேட்டான் என்பதே அவனது கல்விக்கு அளவாகும்.

வினா அறுவகைப்படும் என நன்னூல் கூறும். அவற்றுள் மூன்று ஈண்டு நினைக்கத் தக்கன. தான் அறியாததை அறிதற் பொருட்டு வினாவுவது அறியா வினா. 'கயிறோ, பாம்போ' எனத் துணிய மாட்டாது வினாவுவது ஐய வினா. வணிகனிடம் சென்று 'பயறு உளதோ' என ஒரு பொருளைப் பெறுதற் பொருட்டு வினாவுவது கொளல் வினா. இம்மூன்றும் பேச்சு வழக்கிற்கு மட்டும் உரியன அல்ல. நூல்களை அணுகும் மூன்று நெறிகளும் ஆகும். எந்நூலாசிரியரை எவ்வினாவால் அணுகுவது என அறியாமையாலேயே வரலாறும் இலக்கியமும் இன்று பலருக்கு மயக்கம் தருகின்றன. இதனை ஓர் ஊரைக் கொண்டு விளக்குவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியின் அருகே அமைந்துள்ளது கொடும்பாளூர். இருக்குவேளிர் என்னும் பழங்குடியினர் ஆண்ட ஊர் இது. ஆங்குள்ள மூவர் கோயில், மேற்கு நோக்கி ஒரே வரிசையில் எழுப்பப்பெற்ற மூன்று கற்றளிகளால் அப்பெயர் பெற்றது. அவற்றுள் இரண்டே இன்று நிற்கின்றன. வடபால் இருந்த மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. இச்சிற்றூரைக் குறித்துப் பேசிய நூலோர் பலர். அவர்கள் காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்டவர்கள்.

முதற்கண் இளங்கோவடிகளைக் காண்போம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கிச் செல்கின்றனர். இடையில் எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன் அவர்களுக்கு வழி கூறுகின்றான். கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால், ஆங்கு வழி சூலத்தின் மூவிலை போல மூன்றாகப் பிரியும் என்பது அவன் கூற்று. இவ்விடத்தில் அறியா வினாவே பொருந்தும். உறையூரிலிருந்து மதுரைக்கு மக்கள் எவ்வழியாகச் சென்றனர்? வழியில் காடு எங்கே, நீர் எங்கே? இவற்றிற்குக் காப்பியம் விடை தருகின்றது. அரசர்தம் ஆண்டு வரிசையை அதனிடம் கேட்பது முறையன்று. அதனைக் கூறுதற்கு அடிகள் நூல் செய்யவில்லை.

அடுத்துச் சேக்கிழார். கொடும்பாளூரை ஆண்ட இடங்கழி நாயனாரின் வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகின்றது. அடியார்க்கு அமுதளிக்கும் ஒருவர் பொருள் முட்டுப்பாடு எய்தி, அரசனது நெற்பண்டாரத்தில் நள்ளிரவில் நெல் எடுத்தபோது காவலரிடம் அகப்பட்டார். காரணம் அறிந்த மன்னர் அவரை ஒறுத்தாரல்லர். அடியார்கள் தம் பண்டாரத்தை முகந்து கொள்ளுமாறு பறையறைவித்தார். அந்நெல் எத்தனை கலம் என்று சேக்கிழாரை வினவுதல் வீண். அரசனது செல்வம் எவர்க்கு உரியது என்பதே அவரிடம் கேட்கத்தக்க வினா. அதற்கு அவர் தரும் விடை இன்றும் ஆளுவோர் செவியில் விழத் தக்கது.

மூன்றாவது சான்று கல்வெட்டு. மூவர் கோயிலின் நடுவிமானத்தில் வடமொழியில், கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உளது. அது இருக்குவேளிர் மரபினர் பலரை வரிசையாகக் கூறுகின்றது. பூதி விக்கிரமகேசரி என்பான் தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்களை எழுப்பினான் என்பதும், மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகத் துறவிக்கு மடம் ஒன்று அளித்தான் என்பதும் அதனால் அறியப்படும். கல் பொய்யுரைக்காது எனச் சிலர் கருதுவர். கல்லில் எழுதுவித்தவனும் தன் புகழை விரும்பிய மனிதனே என்பதை மறத்தலாகாது. அன்றியும், இக்கல்வெட்டின் தொடக்கம் சிதைந்துள்ளது. ஆண்டுக் குறிப்பும் இல்லை.

ஆகவே ஈண்டு ஐய வினா எழுகின்றது. விக்கிரமகேசரி பல்லவர் படையொடு காவிரிக்கரையில் பொருதான் எனக் கல்வெட்டு கூறுகின்றது. அதனை நோக்கியோர் அவன் முதல் ஆதித்த சோழன் காலத்தவன், அதாவது 9 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவன் என்பர். வீரபாண்டியனை வென்றான் எனவும் அதே கல்வெட்டு கூறுகின்றது. அதனை நோக்கியோர் அவன் சுந்தர சோழன் காலத்தவன், அதாவது 10 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியினன் என்பர். ஒரே கல்வெட்டிலுள்ள இரு செய்திகள் அறிஞரை இரு வேறு காலங்களுக்கு ஈர்த்துச் செல்கின்றன. இவ்வேறுபாடு கண்டு வரலாற்றை எள்ளுவோர் உளர். அவர் அறியாதவர். தம் துணிவுக்குக் காரணம் காட்டுவதும், பிறர் காட்டும் காரணத்தைச் செவிமடுப்பதுமே வரலாற்று ஆசிரியர்க்கு அழகு. ஐயத்தை மறைத்து உறுதி கூறுபவரினும், ஐயத்தை வெளிப்படக் கூறுபவரே நம்பத் தகுந்தவர்.

இனிப் புனைகதையாசிரியர். கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை அவர்தம் இதழில் தொடர்ந்து வெளிவந்தது. கொடும்பாளூர் இளவரசி வானதியைத் தமிழ்நாட்டு இல்லங்கள் அனைத்தும் அறிந்தது அதனாலேயே. கொடும்பாளூர்ச் சிறிய வேளான் சுந்தர சோழன் காலத்தில் ஈழப் போரில் மாண்டான் என்பது கல்வெட்டுச் செய்தி. அவன் மகளாகக் கதையில் வரும் வானதியின் நாணமும் மயக்கமும் மொழிகளும் ஆசிரியரின் கற்பனைச் செல்வம். கதை முடிந்தபோது, கதைமாந்தர் பின்னர் என்ன ஆயினர் என வாசகர்கள் கேட்டனர். கல்கியும் ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்கு மறுமொழி கூறினார். எழுத்தாளரும் கற்போரும் உரையாடிய இந்நிகழ்ச்சி போற்றத் தக்கது. ஆயின் வாசகர் கேட்க வேண்டிய வினா இன்னும் ஒன்று உண்டு. 'ஐயா, இவற்றுள் எவை சான்றால் அறிந்தவை, எவை தாங்கள் படைத்தவை?' என்பதே அது. இவ்வினாவால் கதையின் சுவை குன்றாது. கல்கியின் ஆற்றல் எத்தகையது என்பதும் அப்போதே விளங்கும்.

அக்கதை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைப்படமாகவும் வந்தது. கதையால் வரலாற்றில் ஆர்வம் பிறப்பது நன்றே. புனைகதை வரலாற்றிற்கு ஒரு வாயில் ஆகலாம். வாயிலையே மனை எனக் கொண்டு ஆங்கேயே அமர்ந்துவிடுதல் கூடாது.

எனினும், கதையைக் கதை என்று அறியாது நம்புவோரினும் தீங்கு செய்வோர் உளர். அவர் எந்நூலிடத்தும் கொளல் வினா ஒன்றையே கேட்பவர். 'என் குலத்துக்குப் பெருமை உளதோ? என் ஊர் பிற ஊரினும் பழையது என்னும் சொல் உளதோ?' எனக் கடைக்குச் செல்வார் போல நூலுக்குச் செல்வர். வேண்டியது கிடைப்பின் எடுத்துக்கொள்வர். வேண்டாதது எதிர்ப்படின் பக்கத்தைப் புரட்டிவிடுவர். இவர் எத்துணை நூல் படிப்பினும் தாம் முன்பே நம்பியதன்றிப் பிறிதொன்றும் அறியார். முன்னோர் புகழ் உண்மையாயின் அதற்குப் பொய்யின் துணை வேண்டுவதில்லை. பொய் கலந்த புகழோ, அப்பொய் வெளிப்படும் நாளில் உண்மையையும் உடன் இழுத்துக்கொண்டு வீழும்.

'இலக்கியமும் வரலாறும் கற்றுப் பயன் யாது? அவை பிழைப்புக்கு உதவுமோ?' என இன்று கேட்போர் பலர். அறிவியலும் தொழிற்கல்வியும் நாட்டுக்கு இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயின், பொறியாளரும் மருத்துவரும் உழவரும் வணிகரும் நாள்தோறும் பிறர் கூற்றுகளைக் கேட்டே வாழ்கின்றனர். மேடைப்பேச்சும் செய்தித்தாளும் கைப்பேசியில் வரும் செய்தியும் அவர்களை ஓயாது அழைக்கின்றன. கூறுவோன் யார், அவன் எதனால் அறிந்தான், எதனை விரும்பிக் கூறுகின்றான், அவனுக்கு மாறாகக் கூறுவோர் உளரோ என ஆராயும் பழக்கம் இல்லாதவன் கற்றவனாயினும் எளிதில் ஏமாற்றப்படுவான். காப்பியம், புராணம், கல்வெட்டு, புனைகதை ஆகிய நான்கையும் அவற்றிற்கு உரிய வினாக்களோடு அணுகிப் பழகியவனுக்கு அப்பழக்கம் தானே கைவரும். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்னும் பழமொழியை வாழ்க்கையில் கைக்கொள்ளச் செய்வன இக்கல்விகளே.

மாணவர்கள் கொடும்பாளூருக்குச் செல்லும் வாய்ப்பு நேருமாயின், எழில்மிகு இரு விமானங்களையும் கண்டு மகிழ்க. பின்னர் வடபால் உள்ள அடித்தளத்தின் அருகேயும் சற்று நிற்க. நிற்பதைக் கண்டு மகிழ்தல் எவர்க்கும் இயலும். இல்லாததைக் குறித்து வினாவுதல் கற்றவர்க்கே இயலும். அவ்வினாவிற்கு விடை கிடைக்கும்வரை அவ்விடத்தைக் கற்பனையால் நிரப்பாது பொறுத்திருத்தலே வரலாறு கற்போர்க்கு உரிய நேர்மையாகும்.