குடித்தவர் எழுவாய், ஊற்றியவர்?

விமானத்தில் ஒருவர் குடித்துவிட்டு அத்துமீறிய செய்தி வரும்போதெல்லாம் நம் விவாதம் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. அவர் யார், எந்த ஊர், எந்த நிறுவனத்தில் என்ன பதவி, எத்தனை மாதத் தடை. இந்தியர்களின் நாகரிகமின்மை பற்றிச் சில நாள் வசைபாடுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். அந்த மதுவை யார், எந்த அளவில், எந்த விதியின்கீழ் ஊற்றிக் கொடுத்தார் என்ற கேள்வி எழுவதே இல்லை. அதற்கு ஒரு காரணம் நம் விதிகளின் வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் வாதம்.

1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 23ஆம் விதியை எடுத்துக்கொள்வோம். விமானத்துக்கோ அதிலுள்ளவர்களுக்கோ ஆபத்து நேரும் வகையில், ஒழுங்கு குலையும் வகையில், எவரும் மது அருந்தலாகாது என்பது அதன் சாரம். எழுவாய் ‘எவரும்’, பயனிலை ‘அருந்தலாகாது’. இதே பொருளைப் பேசும் அமெரிக்கக் கூட்டாட்சி விமான ஒழுங்குமுறையின் 121.575ஆம் பிரிவும் பயணியில்தான் தொடங்குகிறது: நிறுவனம் பரிமாறாத மதுவை அவர் விமானத்தில் குடிக்கக் கூடாது. ஆனால் அடுத்த உட்பிரிவுகளில் எழுவாய் மாறுகிறது. போதையில் இருப்பதாகத் தோன்றும் எவருக்கும் விமான நிறுவனம் மது பரிமாறக் கூடாது. அத்தகையவரை நிறுவனம் விமானத்தில் ஏறவும் அனுமதிக்கக் கூடாது. இதனால் அமெரிக்க வானம் அமைதிப் பூங்காவாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அங்கே ஊற்றியவரும் வாக்கியத்துக்குள் இருக்கிறார் என்பதையே சொல்கிறேன்.

இங்கே நிலை என்ன? உள்நாட்டு விமானங்களில் மது பரிமாறுவதில்லை. சர்வதேச விமானங்களில் எவ்வளவு பரிமாறலாம் என்பதற்கு ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ எண் எதையும் விதிக்கவில்லை. நியாயமான வரம்பை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். ‘நியாயமான’ என்ற அந்தப் பெயரடை சுமக்கும் பாரம் கொஞ்சமன்று. பயணி என்று வரும்போதோ நமக்குத் துல்லியம் கைகூடிவிடுகிறது. 2017இல் திருத்தப்பட்ட விதிமுறைகளின்படி, சொல், சைகை, போதை ஆகியவற்றால் விளையும் தொல்லைக்கு 3 மாதம் வரை தடை. உடல்ரீதியான அத்துமீறலுக்கு 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான செயலுக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ. தண்டனைக்கு எண் உண்டு, கோப்பைக்கு இல்லை.

2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து தில்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பில், முதிய பெண் பயணி ஒருவர்மீது போதையிலிருந்த சக பயணி சிறுநீர் கழித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அதை மறுத்தார். 2023 ஜனவரியில் செய்தி வெளிவந்த பிறகு நிறுவனம் ஒரு விமானியையும் 4 விமானப் பணியாளர்களையும் பணியிலிருந்து விலக்கி வைத்து விளக்கம் கேட்டது. பிறகு டிஜிசிஏ நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. தலைமை விமானியின் உரிமத்தை 3 மாதம் நிறுத்திவைத்தது. அதே மாதம் நிறுவனம் மது பரிமாறும் கொள்கையைத் திருத்தியது. மொழியியல் மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. பயணியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் போக்குவரத்து விளக்கு முறையில் பணியாளர் மதிப்பிட வேண்டும். நயமாக மறுக்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. ‘குடிகாரர்’ என்று சொல்லக் கூடாது. ‘கடைசியாக ஒன்றே ஒன்று’ என்ற கெஞ்சலுக்கு இணங்கவும் கூடாது. இத்தனையும் பயணியிடம் அன்று, ‘விருந்தினரிடம்’. (பயணச்சீட்டுக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுத்தவரை விருந்தினர் என்றழைக்கும் வணிகமொழி தனி ஆய்வுக்குரியது.)

பிரவுன், லெவின்சன் இருவரின் பணிவுக் கோட்பாட்டை நாம் முதலாண்டிலேயே படித்துவிடுகிறோம். அக்கோட்பாட்டுக்கான தரவின் ஒரு பகுதி கோயம்புத்தூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் திரட்டப்பட்ட தமிழ்ப் பேச்சு என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். மறுப்பு என்பது கேட்பவரின் முகத்தை அச்சுறுத்தும் செயல். அதன் கனத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: கேட்பவருக்குப் பேசுபவர்மீதுள்ள அதிகாரம், இருவருக்கும் இடையிலான சமூகத் தொலைவு, செயலின் கடுமை. கனம் கூடக்கூடப் பேச்சு சுற்றி வளைக்கும். இப்போது காட்சியைப் பாருங்கள். மறுப்பவர் பெரும்பாலும் இளம்பெண், கையில் தட்டு. கேட்பவர் விலையுயர்ந்த இருக்கையில் இருப்பவர், புகார் எழுதத் தெரிந்தவர். இருவரும் முன்பின் அறியாதவர்கள். மறுக்கப்படுவதோ அவர் காசு கொடுத்து வாங்கிவிட்டதாக நம்பும் பொருள். மூன்று காரணிகளும் உச்சத்தில். இந்நிலையில் அவர் எவ்வளவு நயமாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு அது மறுப்பாகவே கேட்காது. ‘சற்றுப் பொறுத்துக் கொண்டுவரட்டுமா?’ என்பது பயணியின் காதில் ஒப்புதல். முகதாட்சண்யம் என்று தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. அதை நிறுவனக் கொள்கையாக எழுதிக் கொடுத்துவிட்டு, மறுக்கத் தவறினாய் என்று பணியாளரையே கூண்டில் ஏற்றுவது கொடுமை.

இதற்கு இரு மறுமொழிகள் வழக்கமாக வரும். ஒன்று, முழுத்தடை. தடையுள்ள உள்நாட்டு விமானங்களிலேயே குடித்துவிட்டு ஏறியவர்களின் ரகளைகள் நடந்திருக்கின்றன; விமான நிலையத்திலும் பணம் கொடுத்தால் மது கிடைக்கிறது. இன்னொன்று, வயதுவந்தவர் தம் அளவைத் தாமே அறிவார் என்பது. தரையில் அது ஓரளவு பொருந்தலாம். விமான அறையின் காற்றழுத்தமோ ஏறத்தாழ 8,000 அடி உயர மலையினுடையதாகக்கூட இருக்கும். ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட சோதனையில், அந்த அழுத்தத்தில் மது அருந்தி உறங்கிய ஆரோக்கியமானவர்களின் இரத்த ஆக்சிஜன் செறிவு 85 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது, இதயத்துடிப்பு கூடியது. மதுக்கூடத்தில் தொல்லை என்றால் பக்கத்து மேசைக்காரர் எழுந்து போகலாம். 14 மணி நேரப் பறத்தலில் பக்கத்து இருக்கைக்காரர் எங்கே போவார்?

ஆகவே கேட்க வேண்டியது எளிது. ‘விமான நிறுவனம்’ என்பதை எழுவாயாகக் கொண்ட ஒரு வாக்கியம் விதியில் ஏற வேண்டும்: போதையில் தோன்றுபவருக்கு நிறுவனம் பரிமாறலாகாது. பரிமாறும் அளவுக்கு ஓர் எண் வேண்டும். பரிமாறியதன் பதிவேடு வேண்டும். எண் இருந்தால் ‘நான் தரமாட்டேன்’ என்பது ‘விதி அனுமதிக்கவில்லை’ என்றாகும். முகம் முறிவது பணியாளருடையதாக இராது. கூடவே, ஒழுங்கீனப் புகார்களை விசாரிக்கும் நிறுவன உட்குழுவையும் திருத்த வேண்டும். இப்போது அதில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர், வேறொரு விமான நிறுவனத்தின் பிரதிநிதி, பயணிகள் அல்லது நுகர்வோர் தரப்பிலிருந்து ஒருவர் என மூவர் அமர்கிறார்கள். தட்டேந்தி நின்றவர்களின் தரப்புக்கு அங்கே ஒரு நாற்காலிகூட ஒதுக்கப்படவில்லை.