வெட்டும் நொதியமும் விழிக்கும் பரம்பரையலகும்

காலிலே முள் தைத்தால் மாலைக்குள் அவ்விடம் சிவந்து வீங்குகின்றது. வீட்டில் மஞ்சள் அரைத்துப் பூசுமுன்னரே எமது வெண்குழியங்கள் பணியைத் தொடங்கிவிடுகின்றன. பற்றீரியா புகுந்ததை அறிந்ததும், அவற்றின் கருவினுள்ளே அடங்கியிருந்த நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன. அவற்றை எழுப்புவது யாது?

“புரதத்தை வெட்டும் நொதியம் சமிபாட்டுக்குத்தானே?” என்று வகுப்பில் மாணவர் ஒருவர் எம்மை வினவியதுண்டு. பெப்சினையும் திரிப்சினையும் மட்டும் பாடநூலிற் கண்டவர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயின், கலத்தினுள்ளே வெட்டு என்பது கட்டளையாகவும் அமைவதுண்டு.

1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றஞ்சன் சென், டேவிட் போல்ற்றிமோர் என்னும் அறிஞர் இருவர், பிறபொருளெதிரிகளை ஆக்கும் கலங்களிலே ஒரு புரதத்தைக் கண்டனர். ‘என்.எப். கப்பா பி’ என்பது அதன் பெயர். பெயர் கரடுமுரடானது; தொழிலோ தெளிவானது. பரம்பரையலகுகளின் அருகே சென்று அமர்ந்து அவற்றை இயக்குவதே அது. கலம் அமைதியாயிருக்கும்போது இப்புரதத்தை வேறொரு தடுப்புப் புரதம் பற்றிப்பிடித்துக் கருவுக்கு வெளியே நிறுத்தி வைக்கின்றது.

ஆபத்து நேர்ந்ததும் தடுப்புப் புரதத்தின் இரண்டு இடங்களிற் பொசுபேற்று ஏற்றப்படுகின்றது. பின்னர் ‘யுபிகுவிற்றின்’ என்னும் சிறுபுரதங்கள் சங்கிலியாக அதில் இணைகின்றன. இவ்வடையாளம் பெற்ற புரதத்தைப் ‘புரற்றியசோம்’ என்னும் நொதியத் தொகுதி உள்ளிழுத்துத் துண்டுதுண்டாக்கிவிடுகின்றது. அதன் நடுப்பகுதி நான்கு வளையங்களை அடுக்கிய பீப்பாய் போன்றது. வளையமொன்றில் ஏழு கூறுகள். வெட்டும் இடங்கள் யாவும் பீப்பாயின் உட்புறத்திலேயே உள்ளன. பிள்ளைகளின் கைக்கெட்டாமற் கத்தியை உயரத்தில் வைக்கும் தாயின் முன்யோசனையை இதிற் காணலாம்! சில நிமிடங்களுள் தடுப்பு ஒழிய, கட்டுண்டிருந்த புரதம் கருவினுள் விரைகின்றது.

இங்கே பூட்டுத் திறக்கப்படவில்லை, உடைக்கப்பட்டது. உடைந்ததை ஒட்டவும் முடியாது. அவ்வாறாயின் கிளர்ச்சி அடங்குவது எங்ஙனம்? விடுதலை பெற்ற புரதம் எழுப்பும் பரம்பரையலகுகளுள், அத்தடுப்புப் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகும் ஒன்று. தன்னைக் கட்டும் காவலனைத் தானே அழைத்துக்கொள்கின்றது! புதிதாய்த் தோன்றிய தடுப்புப் புரதம் கருவினுட் புகுந்து அதனை வெளியே இழுத்து வருகின்றது. இந்தத் தடுப்புப் புரதம் இல்லாதவாறு ஆய்வுகூடத்திற் பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிக் குஞ்சுகள், அடங்காத அழற்சியினால் ஏறத்தாழப் பத்து நாட்களுள் மடிந்தன. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த செய்தி இது. நோயை எதிர்க்கும் ஆற்றல் மிகுந்தாலே போதும் என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக.

மருத்துவரும் இவ்வெட்டினைக் கையாளக் கற்றுள்ளனர். என்பு மச்சையிலே பிறபொருளெதிரி ஆக்கும் கலங்கள் கட்டின்றிப் பெருகுவது மைலோமா என்னும் புற்றுநோய். புரற்றியசோமைத் தடுக்கும் ‘போட்டிசோமிப்’ என்னும் மருந்துக்கு 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளவுக்கு மீறிப் புரதத்தை ஆக்கும் அக்கலங்கள், பழுதான புரதங்களை அகற்ற வழியின்றித் திணறி மடிகின்றன. என்.எப். கப்பா பியின் விடுதலையும் தடைப்படுகின்றது.

ஆயினும் அதே வெட்டு, நலமுள்ள வெண்குழியங்களுக்கும் வேண்டியதன்றோ? இம்மருந்து பெறுவோர் சிலரிடம், சிறுவயதில் வந்த கொப்புளிப்பானின் வைரசு நரம்புகளில் உறங்கிக் கிடந்தது மீண்டும் கிளர்ந்து அக்கியாக வெளிப்படுவதுண்டு. ஆகையால் வைரசை அடக்கும் மாத்திரை ஒன்றையும் மருத்துவர் உடன் கொடுக்கின்றனர்.