உப்பிட்டவரை யாருங்க நினைக்கிறா?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை"ன்னு சொல்றோம். உப்பை விளைவிச்சவரை என்னிக்காவது நினைச்சிருக்கோமா?

குஜராத்தில் சின்ன ரண் என்று ஒரு உப்புப் பாலைவனம். சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், வற்றினால் பாளம் பாளமாய் வெடித்த களிமண். நிலத்தடி நீரோ கடல்நீரை விட அதிகக் கரிப்பு. அதை இறைத்து, பாத்தி கட்டி, வெயிலில் காய வைத்து உப்பாக்குகிறவர்கள் அகரியாக்கள். வருஷத்தில் ஆறேழு மாசம் குடும்பத்தோடு அங்கேயே குடிசை.

1973-ல் அந்த இடம் காட்டுக்கழுதை சரணாலயம் ஆனது. தலைமுறை தலைமுறையாய் உப்பெடுத்தவர்கள் ஒரே நாளில் 'ஆக்கிரமிப்பாளர்கள்'! கழுதைக்கு இடம் வேணாம்னு நான் சொல்லலை. ஆனா 2020 கணக்கெடுப்பில் கழுதைகள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. அத்தனை வருஷமும் பக்கத்திலேயே உப்பு விளைந்துகொண்டுதான் இருந்தது. அப்புறம் யாரால் யாருக்கு ஆபத்து?

நான் காமர்ஸ் மாணவன், கணக்கு பார்ப்பேன். பாத்தியில் கிலோ ஒரு ரூபாய்கூட தேறாது. கடையில் பாக்கெட் உப்பு 20 ரூபாய்க்கு மேல். அயோடின், பாக்கெட், லாரி வாடகை எல்லாம் கழிச்சாலும் டேலி ஆகலை. காரணம் சிம்பிள். பட்டா இல்லை, அதனால் பேங்க் கடன் இல்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கணும், அவர் வைத்ததுதான் விலை.

அவங்களுக்கு இலவசம் எதுவும் வேண்டாம் சார். உப்பெடுக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்க, போதும்.